இந்த சீன்ல எனக்குத் தெரியுமா சார்?

கோடம்பாக்கத்தில் ஒரு தயாரிப்பாளருக்குக் காமெடிப் படம் எடுக்கும் ஆசை வந்துவிட்டால், அவர் வாயில் முதலில் வருவது "காதலிக்க நேரமில்லை மாதிரி ஒண்ணு பண்ணுங்க சார்" என்பதுதான். எண்பதுகளின் நடுவில் உதவி இயக்குநராகச் சேர்ந்த புதிதில் இதைக் கேட்டேன். இப்போதும் கேட்கிறேன். படம் வந்தது 1964-ல். சொல்கிறவர்களில் பலர் அப்போது பிறந்தே இருக்கமாட்டார்கள்.

சொல்வது சுலபம். ஸ்ரீதரும் சித்ராலயா கோபுவும் அந்தப் படத்தில் போட்டிருக்கும் முடிச்சைப் பாருங்கள். பணக்கார பாலையாவின் மகளைக் காதலிக்கும் ரவிச்சந்திரன், தானும் கோடீஸ்வரன் வீட்டுப் பிள்ளைதான் என்று நம்பவைக்க, நண்பன் முத்துராமனுக்கு அப்பா வேஷம் போட்டு அழைத்துவருகிறார். அதோடு நின்றிருந்தால் மாறுவேடக் காமெடிகளில் அதுவும் ஒன்று. ஆனால் முத்துராமன் காதலிக்கும் பெண் அதே பாலையாவின் இன்னொரு மகள். கிழவர் வேஷத்தில் வந்து நிற்கிறவர் எதிரே அவருடைய காதலியே நிற்கிறாள். அந்த நொடியில் அந்த வீட்டுக்குள் ஒரு கணக்கு பிறந்துவிடுகிறது: யாருக்கு எது தெரியும், யாருக்கு எது தெரியாது. பாலையாவுக்கு எதுவுமே தெரியாது. கொட்டகையில் உட்கார்ந்திருக்கும் நமக்கு எல்லாம் தெரியும். ஒட்டுமீசையைப் பார்த்து ஜனங்கள் ஒருமுறை சிரிப்பார்கள். இந்தக் கணக்கு இருக்கிறதே, அது படம் முடியும்வரை சிரிக்கவைக்கும்.

ஆள்மாறாட்டக் கதை எழுதுகிறவனுக்கு வேலையே இந்தக் கணக்கு இடிக்காமல் பார்த்துக்கொள்வதுதான். என் தொழில் வாழ்க்கையில் பெரும்பகுதி இப்படிப்பட்ட கதைகளோடு போயிருக்கிறது. அதிலும் கல்லூரிக் காதல் கதைகள். சில திரைக்கு வந்தன, சில பூஜையோடு நின்றன, பல வடபழனி லாட்ஜ் அறைகளிலேயே அடங்கிப்போயின. டைட்டிலில் 'கதை விவாதம்' என்று ஒரு கார்டு ஓடும். அதில் ஐந்தாறு பேருக்கு நடுவில் என் பெயரைத் தேடிப் பிடிக்க வேண்டும். போஸ்டரில் தேட வேண்டாம்.

நம் ஊர்க் கல்லூரிக்கும் ஆள்மாறாட்டத்துக்கும் எப்போதுமே ஒட்டுறவு உண்டு. ப்ராக்ஸி கொடுக்காத மாணவன் யார்? வராதவனுக்காகக் குரலை மாற்றி "பிரசன்ட் சார்" சொல்கிறவன் அந்த ஒரு விநாடிக்கு இன்னொருவனாகத்தான் ஆகிறான். அடுத்தது நம் இனிஷியல். ஒரே வகுப்பில் மூன்று செந்தில்குமார் இருப்பான். மூவரில் இரண்டு பேருக்கு எஸ் இனிஷியலாக இருக்கும். வாத்தியார் ரோல் நம்பரை வைத்துச் சமாளிப்பார், பையன்கள் பட்டப்பெயரை வைத்துச் சமாளிப்பார்கள். தபால்காரர் என்ன செய்வார்? அந்தக் காலத்து ஆண்கள் விடுதிகளில் வராந்தாவில் மரத்தால் செய்த தபால் ரேக் ஒன்று இருக்கும், ஆங்கில எழுத்து வரிசையில் பொந்து பொந்தாக. எஸ் என்ற பொந்தில்தான் கூட்டம் அதிகம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் வேலை பார்த்த ஒரு படம் அந்தப் பொந்திலிருந்துதான் தொடங்கியது. கல்லூரி ஆண்டு மலரில் ஒரு கவிதை வருகிறது. பெயர் மட்டும் உண்டு, புகைப்படம் கிடையாது. எஸ்.செந்தில்குமார், இரண்டாமாண்டு. அதே ஊர் பெண்கள் கல்லூரியில் படிக்கும் ஒருத்தி அதைப் படித்துவிட்டு விடுதி முகவரிக்குக் கடிதம் எழுதுகிறாள். கடிதம் வேறொரு எஸ்.செந்தில்குமார் கையில் போய்ச் சேருகிறது. அவனுக்குக் கவிதை என்றால் கைகால் உதறும், ஆனால் ஆள் பார்க்க லட்சணமாக இருப்பான். எழுதியவன் பக்கத்து அறையில் இருக்கிறான். பெண்கள் எதிரே வந்தால் தரையைப் பார்த்து நடக்கிற ஜாதி.

கதையாகக் கேட்டால் நன்றாகத்தான் இருக்கிறது. எடுக்கும்போதுதான் எங்கள் டைரக்டரின் அருமை தெரிந்தது. அவரிடம் மளிகைக்கடைக் கணக்கு நோட்டு மாதிரி நீளமான நோட்டு ஒன்று இருந்தது. இடது ஓரத்தில் சீன் நம்பர், மேலே குறுக்கு வரிசையில் பாத்திரங்களின் பெயர். எந்தப் பாத்திரத்துக்கு எந்த சீனில் உண்மை தெரிகிறதோ அந்தக் கட்டத்தில் சிவப்பு மையில் ஒரு டிக். ஒருமுறை டிக் விழுந்துவிட்டால் அதற்குக் கீழே அந்த வரிசை முழுக்கச் சிவப்புதான். தெரிந்தது மறுபடி தெரியாமல் போகாது இல்லையா. சில கட்டங்களில் டிக் பாதிதான் இருக்கும். அதற்கு 'சந்தேகப்படுகிறார்' என்று அர்த்தம்.

அந்த நோட்டு எதற்கு என்று படப்பிடிப்பின் முதல் நாளே புரிந்தது. கல்லூரி வளாகம் மே மாத விடுமுறையில்தான் கிடைக்கும். ஆகவே நூலகத்தில் நடக்கும் எல்லா சீன்களையும் அடுத்தடுத்து எடுத்துத் தள்ள வேண்டும், கதையில் அவை எங்கெங்கே வந்தாலும் சரி. நாயகி பம்பாய்ப் பெண், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. காமிராவுக்குப் பின்னால் நின்று நான்தான் ப்ராம்ப்ட் கொடுப்பேன். வசனத்தை மனப்பாடம் செய்வதற்கு முன்னால் அந்தப் பெண் ஒன்றே ஒன்றை இந்தியில் கேட்டாள்: "இந்த சீன்ல எனக்குத் தெரியுமா சார்?"

டைரக்டர் நோட்டைத் திறந்து கட்டத்தைத் தொட்டுக் காட்டினார். தெரியாது. சரி என்று போய் நின்றாள். போலி செந்தில்குமார் மேசையில் வந்து உட்கார்ந்து, புத்தகம் எடுத்த சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும், அவள் அவனைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அவ்வளவுதான் ஷாட். சிரித்தாள். டைரக்டர் கட் சொல்லிவிட்டார். எங்கள் யாருக்கும் காரணம் புரியவில்லை. "பொண்ணு பேனாவைப் பார்க்குது" என்றார். கையெழுத்து வித்தியாசத்தை வைத்து அவள் உண்மையைக் கண்டுபிடிக்கும் சீனைக் காலையில்தான் எடுத்திருந்தோம். அந்த நினைப்பில் அவள் கண் அரை விநாடி அவன் கையிலிருந்த பேனாவுக்குப் போய் வந்திருக்கிறது. திரையில் அந்த அரை விநாடி போதும். 'ஓ, இவளுக்குத் தெரிஞ்சுபோச்சு' என்று கடைசி வரிசையில் இருப்பவன்கூடச் சொல்லிவிடுவான். மறுபடி எடுத்தோம், இந்த முறை பையனின் கையை மேசைக்குக் கீழே வைத்து.

அந்தப் பெண் அதன்பிறகு அதிகப் படங்களில் நடிக்கவில்லை. ஆனால் அவள் கேட்ட அந்தக் கேள்வியை இன்றைக்கும் ஒவ்வொரு சீனிலும் ஒவ்வொரு பாத்திரத்துக்காகவும் நான் கேட்டுப் பார்க்கிறேன். பதில் தடுமாறினால் சீன் சரியில்லை.

ஒரு நுணுக்கம் இங்கே உண்டு. கணக்கில் முதல் வரிசை பார்வையாளருடையது. ஷங்கரின் 'நண்பன்' (2012), அதன் மூலமான '3 இடியட்ஸ்' (2009) இரண்டிலும் நாயகன் இன்னொருவன் பெயரில்தான் பொறியியல் படிக்கிறான். இதைவிடப் பெரிய ஆள்மாறாட்டம் கல்லூரிக் கதையில் இருக்க முடியாது. ஆனால் அந்த ரகசியத்தை வைத்து நாம் சிரிப்பதில்லை, காரணம் நமக்கே பாதிப் படம் போனபிறகுதான் அது தெரிகிறது. அதிர்ந்துபோகிறோம். சிரிப்பெல்லாம் வேறு சரக்கிலிருந்து வருகிறது. நமக்குத் தெரிந்து பாத்திரத்துக்குத் தெரியாவிட்டால் காமெடி, இருவருக்கும் தெரியாவிட்டால் சஸ்பென்ஸ். டிஸ்கஷனில் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, "ட்விஸ்ட்டா வச்சுக்கலாம் சார்" என்று ரகசியத்தைப் பார்வையாளரிடமிருந்தும் மறைக்கச் சொல்லும் இளைஞன் ஒருவன் எல்லா அறையிலும் உண்டு. அவனிடம் சண்டை போட்டே என் தொண்டை போயிருக்கிறது.

இரண்டாவது தொல்லை, "அவன் ஏன் உண்மையைச் சொல்லல?" என்பது. எங்கள் டைரக்டர் கதையை முதலில் தயாரிப்பாளரிடம் சொல்லமாட்டார். மேக்கப் அண்ணன், லாட்ஜில் டீ வாங்கி வரும் பையன், கார் டிரைவர், இவர்களிடம்தான் சொல்லிப் பார்ப்பார். பாதியில் யாராவது "அப்பவே சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டுவிட்டால் நோட்டை மூடிவிடுவார். அன்றைய டிஸ்கஷன் மறுபடி முதலிலிருந்து.

இதற்கு விடை தேடி நாங்கள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்த படம் 'தில்லு முல்லு'. ஹிருஷிகேஷ் முகர்ஜியின் 'கோல்மா'லை (1979) வைத்து பாலசந்தர் 1981-ல் எடுத்தது, வசனம் விசு. வேலைக்காக ஒரு சின்னப் பொய்யோடு ரஜினி உள்ளே நுழைகிறார். அப்புறம் கால்பந்து மேட்ச் பார்க்கப் போன இடத்தில் முதலாளி தேங்காய் சீனிவாசன் கண்ணில் பட்டுவிடுகிறார். அங்கே பிறக்கிறான் மீசையில்லாத தம்பி. அந்தத் தம்பியை நாயகன் ஆசைப்பட்டுப் படைக்கவில்லை, மாட்டிக்கொண்டதால் படைத்தான். சொன்னால் வேலை போகும், அதனால் நமக்கு அவன் மேல் கோபமே வருவதில்லை. 'மிஸ்ஸியம்மா'வில் (1955) ஜெமினியும் சாவித்திரியும் கணவன் மனைவியாக நடிப்பதும் வேலைக்காகத்தான். வயிற்றுப்பாட்டுக்காகச் சொல்லும் பொய்யை நம் ஜனங்கள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பொறுப்பார்கள்.

கல்லூரிப் பையனுக்கு வேலைக் கவலை கிடையாதே! அங்கேதான் எழுதுகிறவனுக்குச் சிரமம். நாங்கள் கண்ட வழி, முதல் பொய்யை நாயகன் வாயில் வைக்காமல் இருப்பது. அவள்தான் தப்பாக நினைக்கிறாள், இவன் வாயை மூடிக்கொண்டு இருக்கிறான். பிறகு சொல்லப் போகும்போதெல்லாம் ஒரு மூன்றாவது மனிதருக்கு அடிபடும் நிலைமை வர வேண்டும். நண்பனின் மானமோ, ஒரு வாத்தியாரின் வேலையோ. "சொல்ல வாயெடுத்தான், டெலிபோன் மணி அடிச்சது" என்பதைப் படத்துக்கு ஒருமுறைதான் அனுமதிக்கலாம். இரண்டாவது முறை மணி அடித்தால் கொட்டகையில் விசில் வரும், நல்ல விசில் இல்லை.

தொண்ணூறுகளில் எங்களைப் படுத்தியது காமெடி ட்ராக். 'கரகாட்டக்காரன்' (1989) வாழைப்பழக் காமெடியை எழுதிய ஏ.வீரப்பன் போன்றவர்கள் ட்ராக் எழுதுவதைத் தனிக் கலையாகவே வைத்திருந்தார்கள். கதை ஒரு பக்கம் போகும், காமெடி இன்னொரு பக்கம் போகும், நடுவில் நாலு இடத்தில் முகம் காட்டிக்கொள்ளும். ஊர்க்கதைக்கு அது பொருந்தும். ஆள்மாறாட்டக் கதைக்கு ஆகவே ஆகாது, ஏனென்றால் ரகசியம் தெரிந்த நண்பன்தான் அங்கே காமெடியன். அவன் கதைக்குள்ளேயே குடியிருக்க வேண்டும். 1958-ல் பந்துலுவின் 'சபாஷ் மீனா'வில் சிவாஜிக்குப் பதிலாக அவர் பெயரில் போய் உட்காருவதே சந்திரபாபுதான். 1996-ல் 'உள்ளத்தை அள்ளித்தா'வில் கவுண்டமணி கார்த்திக்கோடு ஒரே வீட்டுக்குள் இருக்கிறார், போதாததற்கு நாயகியும் தோழியும் இடம் மாற்றிக்கொள்கிறார்கள், மணிவண்ணன் இரட்டை வேடத்தில் வேறு. சுந்தர்.சி அத்தனையையும் ஒரே கூரைக்குள் அடைத்தார். படம் ஓடியதற்கு அந்த நெரிசல்தான் காரணம் என்பேன்.

எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஒரு படத்தில் காமெடியனிடம் கிடைத்தது சொற்ப நாள் கால்ஷீட். நாயகன், காமெடியன், நாயகியின் அப்பா மூவரும் சேரும் காம்பினேஷன் தேதி கிடைக்கவே இல்லை. ரகசியத்தை அவருக்குச் சொல்லும் சீனை எடுக்க வழியில்லை. டைரக்டர் நோட்டை எடுத்தார், காமெடியன் பெயருக்குக் கீழே இருந்த சிவப்பு டிக் எல்லாவற்றையும் பிளேடால் சுரண்டினார். "அவனுக்கும் தெரியாதுன்னு வச்சுக்குவோம்." ஆக, உயிர் நண்பனே கடைசிவரை நாயகனை வேறு ஆள் என்று நம்பிக்கொண்டு, வருகிறவன் போகிறவனிடமெல்லாம் அவனைப் பற்றி சத்தியம் செய்தான். படத்தில் பெரிய கைதட்டல் அதற்குத்தான். பத்திரிகைகள் திரைக்கதை உத்தி என்று எழுதின. கால்ஷீட் உத்தி என்பது யூனிட்டுக்கு மட்டும் தெரியும்.

இந்தக் கணக்கைத் தலைக்குள்ளேயே போட்டுப் பார்க்கும் ஆள் ஒருவர் இருந்தார், கிரேசி மோகன். கிண்டியில் பொறியியல் படித்தவர், மேடை நாடகத்தில் வளர்ந்தவர். மேடையில் குளோசப் இல்லை, கட் இல்லை. ஒருவன் உள்ளே போகும் கதவும் இன்னொருவன் வெளியே வரும் கதவும் ஒரு விநாடி தவறினால் ரகசியம் அம்பலம். அந்தப் பழக்கத்தை 'மைக்கேல் மதன காமராஜ'னில் (1990) பார்க்கலாம். நான்கு கமல். யார் எவரை எவராக நினைத்திருக்கிறார் என்பது ஒரு நிமிடம்கூட நமக்குக் குழம்பாது, அவர்களுக்குள் குழம்பிக்கொண்டே இருக்கும். வசனத்தின் வேகத்தைப் பார்த்து அவரைச் சிலேடைக்காரர் என்று மட்டும் சொல்லிவிடுகிறார்கள். அநியாயம். சிங்கீதம் சீனிவாசராவும் அவரும் சேர்ந்து அந்த நால்வரையும் மலை விளிம்பில் ஆடும் ஒரே வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்த்த கட்டுமானத்தை முதலில் பேச வேண்டும்.

பிறகு வந்தது செல்போன். 1995-ல் இந்தியாவுக்குள் வந்தபோது நாங்கள் பயப்படவில்லை. வருகிற அழைப்புக்கும் காசு பிடித்த காலம் அது. "இன்கமிங்குக்கே காசு, சீக்கிரம் சொல்லு" என்று உண்மை வெளிவரும் நேரத்தில் நாயகன் கட் பண்ணுவதை ஒரு கதையில் வைத்தோம், சிரித்தார்கள். 2003-ல் இன்கமிங் இலவசமானதும் அந்தக் கதவு மூடிக்கொண்டது. ஆளையே பார்க்காமல் காதலித்த 'காதல் கோட்டை' (1996), இணையத்தில் பேசிப் பழகிய 'காதலர் தினம்' (1999) இரண்டையும் இன்றைக்கு அப்படியே எடுக்க முடியாது. ஆர்குட் வந்தது, பேஸ்புக் வந்தது. பெயரைத் தட்டினால் மூஞ்சி. ட்ரூகாலர் வந்ததும் "ஹலோ யார் பேசறது?" என்ற வசனமே செத்துப்போனது. கல்லூரிகளில் கழுத்துக்குக் கழுத்து அடையாள அட்டை வேறு. புகைப்படம், துறை, ரத்த வகை வரைக்கும் அச்சடித்துத் தொங்கவிட்டுக்கொண்டு நடக்கிறவனை எப்படி இன்னொருவன் என்று நம்பவைப்பது?

கொஞ்ச காலம் எல்லாரும் கை விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை, எனக்கு வேறு வேலை தெரியாது. கொஞ்சம் பழகியபின் ஒன்று புரிந்தது. கருவி பெருகப் பெருக ஜனங்கள் விசாரிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். ட்ரூகாலரில் 'கார்த்தி பைக் மெக்கானிக்' என்று யாரோ எப்போதோ சேமித்துவைத்த பெயர் வந்தால், எதிரில் பேசுகிறவன் ஆராய்ச்சி மாணவன் என்று எவ்வளவு சொன்னாலும் எடுபடாது. முன்பு வாய் சொன்ன பொய்யை இப்போது திரை சொல்கிறது. எழுதுகிறவனுக்கு லாபம்தான், நாயகன் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை.

கருவியைவிடப் பெரிய மாற்றம் பெண்ணின் பக்கம் நடந்தது. 'மின்னலே' (2001) வந்தபோது எங்கள் வட்டத்தில் அதைப் பற்றி நிறைய வாதம். கல்லூரிக் காலத்து எதிரி அப்பாஸின் பெயரில் மாதவன் அந்தப் பெண்ணிடம் பழகுகிறார், அவள் அமெரிக்க மாப்பிள்ளை என்றே நம்புகிறாள். உண்மை தெரிந்ததும் கௌதம் மேனன் அவளுக்கு நிஜமான கோபத்தைக் கொடுத்தார், படத்தின் மீதி அந்தக் கோபத்தின் மேல் நடக்கிறது. அதற்கு முன்பெல்லாம் எங்கள் வழக்கம் வேறு. கடைசிப் பத்து நிமிடத்தில் உண்மை உடையும், ஒரு அறை, ஒரு சோகப் பாட்டு, ரயில்வே ஸ்டேஷன், மன்னிப்பு, சுபம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிஸ்கஷனில், விஸ்காம் முடித்துவிட்டு உதவி இயக்குநராகச் சேர்ந்த பெண் ஒருத்தி இந்த மன்னிப்பு சீனில் குறுக்கிட்டாள். "சார், இவ்வளவு நாள் ஒருத்தன் வேற ஆளா நடிச்சிருக்கான். இவ எதுக்கு சார் மன்னிக்கணும்?" அறையில் இருந்த பெரியவர்கள் சிரித்தார்கள். டைரக்டர், அதாவது இந்தப் புது டைரக்டர், சிரிக்கவில்லை. "சரி, மன்னிக்கலைன்னா என்ன பண்ணுவா?" என்று அவளையே கேட்டார். "பழி வாங்குவா சார். ஆனா ஜாலியா."

நான் உடனே ஒரு தாளை எடுத்துக் கட்டம் போட்டேன். பழைய நோட்டின் பழக்கம். நாயகியின் டிக்கைக் கடைசியிலிருந்து தூக்கி இன்டர்வெல்லுக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? அவளுக்குத் தெரிந்துவிட்டது, நமக்கும் அது தெரியும், அவனுக்குத் தெரியாது. பொய் சொன்னவனே இப்போது ஏமாளி. இன்டர்வெல் பிளாக்கில் அவள் அவனுடைய பொய்ப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுச் சிரிக்கிறாள், அவ்வளவுதான். இரண்டாம் பாதியில், அவன் யாருடைய பெயரில் நடிக்கிறானோ அவனுக்கு வர வேண்டிய கஷ்டங்களையெல்லாம் இவன் தலையில் கட்டுகிறாள்: அரியர் பரீட்சை, கேன்டீன் கடன், ஊரிலிருந்து வந்து இறங்கும் தாய்மாமன். பெண்கள் கூட்டமாக வந்த காட்சிகளில் இந்தப் பகுதிக்கு வந்த சிரிப்பு, பழைய பாணியில் வந்ததே இல்லை. நியாயம் பேசித்தான் அந்தப் பெண் குறுக்கிட்டாள், எனக்குக் கிடைத்தது புது இரண்டாம் பாதி.

இப்போது உட்கார்ந்திருக்கும் கதை ஆன்லைன் வகுப்புக் காலத்தில் தொடங்குகிறது. 2020-ல் கல்லூரிகள் மூடிக் கிடந்தபோது வீட்டில் இருந்த ஒரே ஸ்மார்ட்போனில், அம்மாவின் பெயரில், அம்மாவின் கணக்கில் வகுப்புக்கு வந்த மாணவிகள் எத்தனையோ பேர். கட்டத்தில் முகம் இல்லை, காமிரா அணைத்திருக்கும், 'செல்வி' என்று பெயர் மட்டும். சாட்டில் அவள் வாத்தியாரை மடக்கும் பதில்களைப் படித்து ஒருவன் மயங்குகிறான். கல்லூரி திறந்ததும் செல்வியைத் தேடிப் போகிறான். வகுப்பில் நிஜமாகவே ஒரு செல்வி இருக்கிறாள். முகக்கவசம் வேறு. ஹாஸ்டல் தபால் பொந்து முப்பது வருஷம் கழித்து எனக்குத் திரும்பக் கிடைத்த மாதிரி இருக்கிறது.

இதில் எல்லாம் தெரிந்த ஒரே ஆள் அந்த அம்மாதான். அடுப்படியில் வேலை பார்த்துக்கொண்டே எல்லா வகுப்பையும் கேட்டிருக்கிறார், பையனின் குரலும் அவருக்கு அத்துப்படி. கட்டத்தில் அவர் வரிசை முதல் சீனிலிருந்தே சிவப்பு. கிளைமாக்ஸில் மழை லீவு விட்டு மறுபடி ஆன்லைன் வகுப்பு. அறுபது கட்டங்களும் மியூட்டில். பையன் தப்பான செல்வியிடம் மைக்கில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறான். பொறுக்கமுடியாமல் அம்மா கரண்டியோடு வந்து மைக்கை ஆன் செய்துவிடுகிறார். அத்தனை பேர் காதிலும் விழ, "தம்பி, அந்தப் பொண்ணு இல்லப்பா."

விஸ்காம் பெண் இப்போது இணை இயக்குநர். அவளுக்கு இந்த சீன் பிடித்திருக்கிறது. அம்மா வேஷத்துக்கு யாரைப் போடலாம் என்பதுவரை பேசிவிட்டோம். தயாரிப்பாளர் அண்ணாச்சியும் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, இந்த இடத்தில் டூயட் எப்படி வரும் என்று கேட்டிருக்கிறார். வராது என்று நாங்கள் சொல்லியிருக்கிறோம், வர வேண்டும் என்று அவர் சொல்லியிருக்கிறார், திங்கட்கிழமை மறுபடி உட்காருகிறோம்.